பிரான்சில் வாடகை குறைந்த ஊருக்குக் குடிபெயர்தல்: முலூஸா, சான்-எத்தியென்னா?

பெருந்துறைக்காரர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 43 வயது. பதினெட்டு ஆண்டுகளாகத் திருப்பூர் பனியன் ஏற்றுமதியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கடந்த மூன்று ஆண்டுகளாக வாரத்தில் ஒரு நாள் மட்டும் கம்பெனிக்குப் போய்விட்டு, மற்ற நாள்களில் வீட்டிலிருந்தே ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைக் கவனித்துக்கொள்கிறேன். வேலையை எங்கிருந்து செய்தால் என்ன, குடும்பத்தோடு சில ஆண்டுகள் பிரான்சில் இருந்து பார்க்கலாமே என்ற எண்ணம் வந்திருக்கிறது. மனைவிக்கும் விருப்பம்தான், மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள்.

பாரிசில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால் மலிவான ஊர்களைத் தேடியதில் முலூஸ், சான்-எத்தியென், லிமோஜ் என்ற மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பிடித்தங்கள் போக மாதம் 1,60,000 ரூபாய் சம்பளம் கைக்கு வருகிறது. விசைத்தறிக் குடோனை வாடகைக்கு விட்டதில் மாதம் 30,000 ரூபாய் வருகிறது. கீழ்பவானி பாசனத்தில் அப்பாவின் பெயரில் மூன்று ஏக்கர் தோட்டமும் இருக்கிறது. வேலை செய்ய அனுமதியில்லாத நீண்டகால விசிட்டர் விசாவில் போய், இங்குள்ள கம்பெனிக்கே அங்கிருந்து வேலை செய்தால் போதும் என்று நினைக்கிறேன். எந்த ஊர் பொருத்தம், வீடு எப்படிக் கிடைக்கும், கிளம்பும் முன் இங்கே எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோபியிலிருந்து முலூஸ் எழுதியது:

வணக்கம். கோபிச்செட்டிபாளையத்துக்காரன், இயந்திரத் துறை வேலையில் முலூஸுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எந்த ஊர் என்ற கேள்வியை நீங்கள் முதலில் வைத்திருக்கிறீர்கள், ஆனால் அது இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி. எந்த அனுமதியில் வருகிறீர்கள் என்பது தீராமல் ஊரைப் பார்ப்பது, பாவு ஓட்டாமல் தறியில் உட்காருவதைப் போன்றது.

விசிட்டர் விசா கேட்பவர், பிரான்சில் எந்தத் தொழிலும் செய்வதில்லை என்று கையெழுத்திட்டு உறுதிமொழி தர வேண்டும். சம்பளம் திருப்பூரில்தானே ஏறுகிறது என்று பலரும் வாதிடுகிறார்கள், ஆனால் வேலை நடக்கும் இடம் உங்கள் நாற்காலி இருக்கும் இடம்தான் என்று அதிகாரி கருதினால் அந்த வாதம் நிற்காது. ஒவ்வோர் ஆண்டும் அனுமதியைப் புதுப்பிக்கும்போது வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள், அப்போது சம்பளச் சீட்டைக் காட்டினால் உங்கள் உறுதிமொழிக்கு எதிராக நீங்களே சாட்சி சொன்னதாகிவிடும். சம்பளத்தை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தாலோ குடோன் வாடகை முந்நூறு யூரோ அளவுதான் வரும். அவர்கள் எதிர்பார்ப்பது பிரான்சின் குறைந்தபட்ச ஊதியம், அதாவது கைக்கு வருவது மாதம் சுமார் 1,400 யூரோ. ஆகவே இந்த வழி உங்களுக்குப் பொருந்தாது என்றே சொல்வேன். பெரிய வாடகை வருமானமோ வட்டி வருமானமோ உள்ள ஓய்வுபெற்றவர்களுக்கு அது நல்ல வழி.

உங்கள் அனுபவத்துக்கு வேறு இரண்டு வழிகள் தென்படுகின்றன. இங்குள்ள ஒரு நிறுவனமோ, உங்கள் கம்பெனியே இங்கு திறக்கும் அலுவலகமோ உங்களை உரிய சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டால் ‘தாலான்’ எனப்படும் வசிப்பு அட்டை கிடைக்கலாம். அது நான்கு ஆண்டுகள் வரை செல்லும், மனைவியும் குழந்தையும் உடனே கூட வரலாம், மனைவி வேலைக்கும் போகலாம். மற்றொன்று, சொந்தமாக ஆடைக் கொள்முதல் முகவராகப் பதிவு செய்துகொண்டு தொழில்முனைவோர் விசா கேட்பது. அதற்குத் தொழில் திட்டத்தைக் கணக்கோடு எழுதி, குறைந்தபட்ச ஊதிய அளவுக்காவது அதில் வருமானம் வரும் என்று காட்ட வேண்டும். அந்த வழியில் குடும்ப இணைப்பு கேட்பதற்கு நீங்கள் இங்கே 18 மாதங்கள் இருந்திருக்க வேண்டும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஊரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பதுபோல் முலூஸைப் பிரான்சின் மான்செஸ்டர் என்பார்கள். 1746இல் இங்கே தொடங்கிய அச்சுத் துணிக்கு ‘இந்தியென்’ என்றே பெயர், நம் நாட்டுச் சித்திரத் துணியைப் பார்த்து அச்சிட்டதால். அப்போது பிரான்சில் அந்தத் துணிக்குத் தடை இருந்தது, முலூஸோ பிரான்சில் சேராத தனிக் குடியரசு. தடைக்கு வெளியே நின்றே ஊர் பணக்கார ஊரானது. துணி அச்சுக் கலைக்கான அருங்காட்சியகம் இருக்கிறது, உங்களைப் போன்றவர் ஒரு நாள் முழுவதும் அதில் இருக்கலாம். ஆலைகள் மூடிய பின் வீடுகள் மிஞ்சின, ஆள்கள் குறைந்தார்கள்; வாடகை மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நான் 68 சதுர மீட்டர் வீட்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் சேர்த்து 690 யூரோ தருகிறேன்.

ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். முலூஸில் மலிவாகக் குடியிருந்து, ரயிலில் அரை மணிக்குள் சுவிட்சர்லாந்தின் பாசெலுக்குப் போய்ச் சம்பாதிக்கலாம் என்று சொல்வார்கள். பிரெஞ்சுக் குடிமக்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நம்மைப் போன்றவர்களுக்கு, பிரான்சில் நிரந்தரமாக வசிக்கும் உரிமையும் எல்லைப் பகுதியில் ஆறு மாத வாசமும் இருந்தால்தான் எல்லை தாண்டி வேலைக்குப் போகும் அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும்.

பொள்ளாச்சித் தோப்பு எழுதியது:

அண்ணா, நான் சான்-எத்தியென்னில் முதுகலை படித்து, பிறகு இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். விசா பற்றி மேலே சொன்னதை வழிமொழிகிறேன். வீடு பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் ‘மலிவு’ என்ற சொல் அங்கேதான் ஏமாற்றும்.

சான்-எத்தியென் நிலக்கரியாலும் ரிப்பன் நெசவாலும் வளர்ந்த மலைப்பாங்கான ஊர், கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ரிப்பன் நெசவாளர்கள் வீட்டிலேயே ஜக்கார்டு தறி வைத்திருந்ததால், தறியின் உயரத்துக்கும் வெளிச்சத்துக்குமாக நெடிய கூரையும் ஆளுயரத்தைத் தாண்டிய சன்னல்களும் வைத்துக் கட்டினார்கள். முதல்முறை அப்படி ஒரு வீட்டுக்குள் நுழைந்தபோது சென்னிமலைத் தறிக்கூடம் ஞாபகத்துக்கு வந்து, உடனே சரி என்று சொல்லிவிட்டேன். சதுர மீட்டருக்கு எட்டு, ஒன்பது யூரோ வாடகை என்பது அந்த நாட்டில் மிகக் குறைவு. ஆனால் டிசம்பரில்தான் தெரிந்தது: அந்த உயரமான அறையைச் சூடாக்க ஓடிய பழைய மின்சார ஹீட்டர், வாடகையில் மிச்சம் பிடித்ததை எல்லாம் எடுத்துக்கொண்டது. பனிக்காலத்தில் சமையலறையில் மட்டும் வாழ்ந்தோம் என்றால் மிகையில்லை.

ஆகவே வாடகை விளம்பரத்தில் முதலில் பார்க்க வேண்டியது A (சிறந்தது) முதல் G (மோசமானது) வரை போட்டிருக்கும் ஆற்றல் தர எழுத்தைத்தான், விலையை அப்புறம் பார்க்கலாம். G தர வீடுகளைப் புதிதாக வாடகைக்கு விடுவதற்கு 2025 சனவரி 1 முதல் தடை வந்துவிட்டது. F தரத்துக்கு 2028இல் வருகிறது. D தரத்துக்குக் கீழே போகாதீர்கள், மாதம் எழுபது யூரோ கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. வெந்நீரும் சூடாக்கலும் கட்டடத்துக்குப் பொதுவா, தனித்தனியா என்றும் கேளுங்கள்.

அட்வான்ஸைப் பொறுத்தவரை நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு மகிழ்ச்சியான அதிர்ச்சி காத்திருக்கிறது. கோயமுத்தூரில் பத்து மாத வாடகையை எண்ணி வைத்த குடும்பம் எங்களுடையது. அங்கே சாமான் இல்லாத வீட்டுக்கு ஒரு மாத வாடகை, சாமான் உள்ள வீட்டுக்கு இரண்டு மாத வாடகை, அதற்கு மேல் கேட்கச் சட்டம் இடம் தராது. அதற்குப் பதிலாக அவர்கள் காகிதம் கேட்பார்கள். நவம்பர் முதல் மார்ச் இறுதி வரை வாடகைதாரரை வெளியேற்ற முடியாது, மற்ற மாதங்களிலும் நீதிமன்றம் வழியாகத்தான் முடியும் என்பதால், உள்ளே விடும் முன்பே வீட்டுக்காரர் பயந்துவிடுகிறார். வாடகையைப்போல் மூன்று மடங்கு சம்பளம், நிரந்தர வேலை ஒப்பந்தம், பிரான்சிலேயே இருக்கும் ஒரு ஜாமீன்தாரர் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. ‘விசால்’ என்ற இலவச ஜாமீன் திட்டம் எனக்குக் கைகொடுத்தது, ஏனெனில் அது முப்பது வயது வரை உள்ளவர்களுக்குத் திறந்திருக்கிறது. உங்கள் வயதில் அது முக்கியமாக அங்கே புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கும் சம்பளம் குறைந்த ஊழியர்களுக்கும்தான். இந்தியச் சம்பளச் சீட்டை ஒரு தரகர் திருப்பிப்போட்டுப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. முதல் சில மாதங்களுக்குச் சாமான் உள்ள வீட்டில் இருந்துகொண்டு, அங்கிருந்தே நிரந்தர வீட்டைத் தேடுவது நல்லது. சாமான் உள்ள வீட்டைக் காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு போதும்.

இன்னொன்று, நம் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு கட்டத்திலும், பள்ளிச் சான்றிதழில் வெறும் எழுத்தாகவும், பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமலும் இருக்கும். எனக்கு வங்கியில் ஒரு பெயர், மருத்துவக் காப்பீட்டில் வேறொரு பெயர் என்று பதிவாகி, அதைச் சரிசெய்ய ஏழு மாதங்கள் ஆயின. மூவருடைய பிறப்புச் சான்றிதழிலும் பெயரை ஏற்றி, பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அப்போஸ்தில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு இடும் சான்று) வாங்கிவிடுங்கள். பிரெஞ்சு மொழிபெயர்ப்பை நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்ய வேண்டும்.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. பிரெஞ்சு தெரியாமல் வரும் பிள்ளைகளுக்குத் தனி மொழி வகுப்பு நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன. பதினெட்டு வயது வரை வசிப்பு அட்டையும் தேவையில்லை. ஆனால் பதின்மூன்று வயதில் போவதற்கும் பதினாறு வயதில் போவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு, தள்ளிப்போடுவதானால் அதையும் எண்ணிக்கொள்ளுங்கள். லிமோஜ் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. அதிவேக ரயில் இல்லை, பாரிசுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சான்-எத்தியென்னிலிருந்து லியோனுக்கு முக்கால் மணி நேர ரயில். எங்களுக்குத் துவரம்பருப்பு அங்கிருந்துதான் வந்தது, அரிசியும் பருப்பும் சாதம் நின்றுபோகவில்லை.

கோவை ஆடிட்டர் எழுதியது:

தம்பி, தோட்டம் அப்பா பெயரில் இருக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் நிற்பது அந்த வரியில்தான். வேலைக்காகவோ காலவரையின்றியோ வெளிநாடு போனால் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் இந்தியாவில் வசிக்காதவர். அப்படிப்பட்டவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. வாரிசாக அடையலாம், ஏற்கெனவே உள்ளதை வைத்துக்கொள்ளலாம். ஆகவே அப்பா உங்களுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவைக்கும் எண்ணத்தில் இருந்தால், நீங்கள் விமானம் ஏறும் முன் பத்திரம் பதிந்து பட்டாவும் மாறிவிட வேண்டும். உயில் என்றால் அவசரமில்லை. இது தெரியாமல் போய்விட்டுத் திரும்பி வந்து கையைப் பிசைகிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள். குடோன் வாடகை அதில் வரட்டும். பிரான்சில் வரி வசிப்பாளராகிவிட்டால் அந்த வாடகையையும் அங்கே கணக்கில் காட்ட வேண்டும். 1992இல் கையெழுத்தான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் இரண்டு முறை கட்ட நேராது, ஆனால் காட்டாமல் விடக் கூடாது. இங்குள்ள ஒவ்வொரு வங்கிக் கணக்கையும் அங்கே ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். விட்டுப்போன ஒரு கணக்குக்கு 1,500 யூரோ அபராதம். கூட்டுறவு வங்கியில் மறந்துபோன பழைய கணக்கு இருந்தால் இப்போதே மூடிவிடுங்கள்.

திருப்பூர் கம்பெனியே உங்களை முறைப்படி அங்கே பணிக்கு அனுப்பினால், இந்தியா-பிரான்ஸ் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி ஐந்து ஆண்டுகள் வரை வருங்கால வைப்பு நிதியை இங்கேயே தொடரலாம். ஒப்பந்தம் 2011 சூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. சும்மா அங்கே போய் உட்கார்ந்து வேலை செய்தால் அந்தச் சலுகை இல்லை, முதலாளிதான் அங்கே பதிவு செய்து சந்தா கட்ட வேண்டிவரும். அவரிடம் இதைச் சொன்னீர்களா?

பெருந்துறைக்காரர் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. முதலாளியிடம் சொல்லவில்லை என்பதே உண்மை, நேற்றுச் சொன்னேன். பிரான்சில் கம்பெனிக்கு இரண்டு வாடிக்கையாளர்கள் இருப்பதால், அங்கே ஒரு சிறு அலுவலகம் வைப்பது பற்றி ஆயுத பூசைக்குப் பிறகு பேசலாம் என்றார். அதற்கு அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் முகவர் தொழிலுக்கான திட்டத்தை எழுதத் தொடங்குவேன். விசிட்டர் விசா எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். லிமோஜையும்தான்.

அப்பாவிடம் செட்டில்மெண்ட் பேச்சை எடுத்தேன். “ஊரை விட்டுப் போறவனுக்கு எதுக்குத் தோட்டம்?” என்று கேட்டுவிட்டு வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பப் போய்விட்டார். மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். அதில் ‘பெண் குழந்தை’ என்று மட்டுமே இருக்கிறது. திங்கட்கிழமை பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகிறேன்.