பஃபின் கிளம்பிய பிறகு ஆர்க்னியில் என்ன இருக்கிறது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கிர்க்வால்வாசி:
ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற எங்கள் ஆர்க்னித் தீவுகளுக்கு வருகிறேன் என்று சொல்பவர்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது பஃபின் என்கிற கடற்பறவையைத்தான். அது ஆகஸ்டிலேயே கடலுக்குப் போய்விடும், அதற்கப்புறம் இங்கே என்ன இருக்கிறது என்று பயணத்தையே கைவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். என்னைக் கேட்டால் நவம்பர் முதல் மார்ச் வரைதான் இங்கே பறவை பார்க்கச் சரியான காலம். கோடையில் பறவைகள் செங்குத்துப் பாறைகளிலும் ஆளில்லாத் தீவுகளிலும் இருக்கும், நாம்தான் தேடிப் போக வேண்டும். குளிர்காலத்தில் ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, ஸ்காண்டிநேவியா பக்கமிருந்து வருபவை புயலுக்கு ஒதுங்க இடம் தேடி நம் வீட்டுக்குப் பக்கத்து விரிகுடாவிலேயே வந்து உட்கார்ந்துவிடும்.

எனக்குப் பிடித்த இடம் சர்ச்சில் தடுப்புகள். 1939 அக்டோபரில் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று ஸ்கேப்பா ஃப்ளோ என்கிற எங்கள் தீவுகளுக்கு நடுவிலுள்ள கடற்படைத் துறைமுகத்துக்குள் புகுந்து ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்து, எண்ணூறுக்கு மேல் ஆட்கள் செத்த பிறகு, தீவுகளுக்கு இடையே கிழக்குப் பக்கத்துக் கடற்சந்துகளையெல்லாம் கான்கிரீட் கட்டைகளைக் கொட்டி அடைத்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பகுதி இத்தாலியப் போர்க்கைதிகள். இப்போது அதன் மேல் சாலை ஓடுகிறது. ஒரு பக்கம் வடகடல், இன்னொரு பக்கம் ஸ்கேப்பா ஃப்ளோ. காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் பறவைகள் நிற்கும். அவ்வளவுதான் சூட்சுமம். தடுப்பு முடிகிற இடத்தில் காரை ஓரங்கட்டி, கண்ணாடியை இறக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள்.

ஒரு ஜனவரி மதியம் கிரேட் நார்தர்ன் டைவர் என்கிற பெரிய முக்குளிக்கும் பறவை ஒன்று கட்டைகளுக்கு இவ்வளவு கிட்டே மேலே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, பைனாகுலரே தேவைப்படவில்லை. வாயில் நண்டு. அலகில் கவ்வி உதறியது, ஒரு கால் தெறித்து விழுந்தது. நழுவவிட்டுத் திரும்பக் கவ்வியது, இன்னொரு கால். கால்கள் பெரும்பாலும் போன பிறகு ஓட்டோடு அப்படியே விழுங்க, தொண்டை புடைத்து மெதுவாகக் கீழே இறங்குவது தெரிந்தது. அதற்குள் மிதந்த கால்களைப் பொறுக்க ஒரு கடற்காகம் வந்துவிட்டது.

குளிர்காலத்தின் பிற்பகுதியில் வளர்ந்த டைவர்கள் பறக்கும் இறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிடும், சில வாரங்களுக்குப் பறக்கவே முடியாது. அந்த நேரத்தில் எண்ணெய் கசிந்தால் அவ்வளவுதான்.

ஏரிக்கரை:
கடலை மட்டுமே சொல்கிறீர்கள், ஏரிகளை விட்டுவிட்டீர்களே! பிராட்கர் கல் வளையத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், அது நிற்கும் நிலத்துண்டுக்கு ஒரு புறம் ஹாரே ஏரி, நல்ல தண்ணீர், மறுபுறம் ஸ்டென்னஸ், கடல் வந்து கலக்கிற உப்புத் தண்ணீர். முங்கி மேயும் வாத்துகள் இரண்டுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருக்கும். ஐஸ்லாந்திலிருந்து ஹூப்பர் அன்னங்கள் குடும்பத்தோடு வரும். அப்பா அம்மா வெள்ளை, அலகில் மஞ்சளும் கறுப்பும், அந்த வருடத்துக் குஞ்சுகள் மட்டும் சாம்பல் நிறம். நடுவே ஃபாரோ தீவுகளை விட்டால் இறங்க நிலம் கிடையாது, எண்ணூறு கிலோமீட்டருக்குக் குறையாத கடல். முதல் வருடக் குஞ்சு அதைத் தாண்டி வந்து அடுத்த நாளே வயலில் புல் கடித்துக்கொண்டிருக்கிறது.

கிரேலாக் வாத்துக் கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பல பத்தாயிரம் வருகின்றன, நமக்குக் கண்கொள்ளாக் காட்சி. எங்கள் வீட்டுக்காரர் விவசாயி, அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "என் மாட்டுக்கு வைத்திருக்கிற புல்லை அது தின்கிறது, நீ படம் பிடிக்கிறாய்" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை.

மழைக்கோட்டு:
பூனைப்பருந்து பற்றி யாரும் பேசவில்லையே. பிரிட்டனின் பல இடங்களில் ஹென் ஹாரியரைப் பார்க்க வருடக்கணக்கில் அலைகிறார்கள், இங்கே டிசம்பரில் பஸ் ஜன்னல் வழியாகவே பார்க்கலாம். சாயங்காலம் என்றால் மூன்று மணி, அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டிசம்பர் கடைசியில் சூரியன் ஒன்பது மணிக்கு மேல் உதித்து மூன்றேகாலுக்கு விழுந்துவிடும். அந்த நேரத்தில் கோரை வளர்ந்த ஈரநிலத்துக்கு ஒவ்வொன்றாக வந்து தரையிலேயே படுக்கும். ஆண் வெளிறிய சாம்பல், சிறகு நுனி மட்டும் கறுப்பு, இருட்டுகிற நேரத்தில் அந்த வெளிறிய உடல்தான் கடைசிவரை கண்ணுக்குத் தெரியும்.

அவற்றுக்கும் குட்டைக்காது ஆந்தைக்கும் சோறு போடுவது ஆர்க்னி வோல் என்கிற ஒரு வயலெலி. பிரிட்டனின் பெருநிலப்பகுதியில் அது கிடையாது, சுமார் ஐயாயிரம் வருடங்களுக்கு முன் மனிதர்களோடு ஐரோப்பாவிலிருந்து படகேறி வந்த பிராணி. நடுவில் ஆடுகள் பெருகி, மேயாமல் கிடந்த புல்வெளி குறைந்தபோது எலி குறைந்தது, பருந்தும் குறைந்தது. ஆடு குறைந்ததும் மீண்டது. இப்போது பயம் ஸ்டோட் என்கிற, பார்க்கக் கீரி போலிருக்கும் சிறு விலங்கு, 2010இல்தான் முதலில் இங்கே தென்பட்டது, அதே எலியைத் தின்னும். பொறி வைத்துப் பிடிக்கிறார்கள். பாவம் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, அந்த எலி இருந்தால்தான் இங்கே பருந்தும் ஆந்தையும் இருக்கும்.

ஒரு வேண்டுகோள்: பகலில் வேலிக் கம்பத்தில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையைப் பார்த்தால் காரை விட்டு இறங்காதீர்கள். மொபைலை நீட்டிக்கொண்டு நடந்து போகிறவர்களால் அது அடுத்த கம்பம், அதற்கடுத்த கம்பம் என்று துரத்தப்பட்டு, வேட்டைக்கான வெளிச்சமே போய்விடுகிறது.

வடக்கே இன்னும்:
நான் ஷெட்லாந்தில் லெர்விக் பக்கம். ஆர்க்னிக்காரர்களுக்கு மூன்றேகால் மணி இருட்டு என்றால் இங்கே மூன்று மணிக்கே. பெரிய புயல் அடித்த மறுநாள் காலை சாலையோர வாய்க்காலில் லிட்டில் ஆக் ஒன்று கிடந்தது. ஆர்க்டிக்கில் கூடு கட்டி நடுக்கடலில் குளிர்காலத்தைக் கழிக்கிற பறவை, காற்று நாள்கணக்கில் அடித்தால் இரை கிடைக்காமல் ஓய்ந்து கரையில் வந்து விழும். உள்ளங்கையில் அடங்கியது. கழுத்தே இல்லை, அலகு ஒரு சின்னக் கறுப்பு முளை, கண்ணுக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி, அதைக் கிட்டே இருந்தால்தான் பார்க்க முடியும். கையில் எடுத்ததும் கடித்தது, அது நல்ல சகுனம்! அட்டைப்பெட்டியில் போட்டு மூடி இருட்டாக வைத்திருந்து, காற்று மறைவான ஒரு கரையில் விட்டேன். விட்ட வேகத்தில் தண்ணீருக்குள் போய் வெகுதூரம் தள்ளித்தான் தலையைக் காட்டியது. பிழைத்ததா தெரியாது.

டைவர் பற்றி மேலே ஒருவர் எழுதியதற்கு: 1978 டிசம்பர் கடைசியில் இங்குள்ள சல்லம் வோ எண்ணெய் முனையத்தில் எஸ்ஸோ பெர்னீசியா கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோது செத்தவற்றில் கிரேட் நார்தர்ன் டைவர்கள் நிறைய. இங்கே வயதானவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள்.

உப்புக்காற்று:
ஆர்க்னியின் வடகோடித் தீவான நார்த் ரொனால்ட்சே போனீர்களா யாராவது? ஆடுகள் கடற்பாசி தின்னும், அழுகிய பாசிக் குவியலில் கற்திருப்பி உள்ளான்கள் தலையால் முட்டிப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். நம் கோடியக்கரைக்கும் இதே இனம்தான் குளிர்காலத்தில் வருகிறது. நாற்றம் மட்டும் தாங்காது. அப்புறம் 2023 குளிர்காலத்தில் வாக்ஸ்விங் என்கிற பழம் தின்னும் பறவைகள் கூட்டமாக வந்தன, மரமே அபூர்வமான ஊரில் வேலியில் ஆப்பிளைக் குத்தி வைத்தவர்கள் வீட்டு வாசலில்தான் எல்லாம்.

புதியவன்:
பிப்ரவரியில் ஒரு வாரம் லீவு கிடைக்கும், ஆனால் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. வரலாமா?

கிர்க்வால்வாசி:
தாராளமாக வாருங்கள். ஸ்ட்ராம்னஸிலிருந்து கிர்க்வால் வழியாகச் செயின்ட் மார்கரெட்ஸ் ஹோப் போகிற பஸ் நாலு தடுப்புகளின் மேலேயும் போகும். கிர்க்வால் ஊருக்குள்ளேயே பீடி சீ என்று ஒரு குட்டை, சுற்றி நடைபாதை, பக்கத்தில் கடைகள். பிப்ரவரியில் கோல்டன்ஐ ஆண்வாத்துகள் பெண்ணைக் கவரத் தலையை முதுகில் இடிக்கிற அளவுக்குப் பின்னால் வீசி, எண்ணெய் போடாத கதவு போலக் கிரீச்சிடும். நீள்வால் வாத்தும் வரும், ஆணுக்கு வாலில் இரண்டு இறகு மட்டும் நீண்டிருக்கும். ஒன்று மட்டும் கவனம்: பலத்த காற்றும் ஓதமும் சேர்ந்தால் அலை சாலைமேல் ஏறும், தடுப்பை மூடிவிடுவார்கள், ஃபெர்ரிக் கப்பலும் நிற்கும். திரும்புகிற டிக்கெட்டை லீவு முடிகிற நாளுக்குப் போடாதீர்கள், ஒரு நாளாவது முன்னதாகப் போடுங்கள்.