மறு: எபிரேயப் பாடல்களில் "மாஷியாக்" – கலைச்சொல் பரிந்துரை

> எல்லா இடத்திலும் "மெசியா" என்றே எழுதிவிட்டால் குழப்பம் இராதே?

ஐயா, வணக்கம். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. "மெசியா" என்றதும் வரப்போகும் மீட்பர் வாசகர் மனத்தில் வந்து நின்றுவிடுவார். எபிரேயத்திலோ அதன் மூலச்சொல்லான "மாஷியாக்" என்பதற்கு அபிஷேகம் செய்யப்பட்டவர் என்றே பொருள்; இஸ்ரவேலின் அரசன் சவுல் ஒரு மாஷியாக். லேவியராகமத்தில் தலைமைக் குருவும் மாஷியாக். ஏசாயா 45:1இல் பாரசீக மன்னன் கோரேசுக்கும் அதே சொல்தான். இரண்டாம் சங்கீதம் முதலில் அரியணை ஏறிய தாவீதின் வழித்தோன்றலைப் பாடியது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. பாட்டு சொல்லாததை மொழிபெயர்ப்பாளர் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

பழைய வேதாகமத்தின் "அபிஷேகம்பண்ணினவர்" பொருளில் சரி; பாட்டு வரியில் கனக்கிறது. நேற்று முன்வைக்கப்பட்ட "நெய்யணி" அழகான சொல்; ஆனால் தொல்காப்பியக் கற்பியலில் அது மகப்பேற்றோடு சேர்ந்தது. வேண்டாம். "அருள்பொழிவு பெற்றவர்" என்பதில் "அருள்" மூலத்தில் இல்லை.

என் பரிந்துரை "பொழிவேற்றவர்". இதில் எண்ணெய் எங்கே என்பீர்கள். மாஷியாக்கிலும் எண்ணெய் என்ற சொல் கிடையாது. பூசுதல் என்ற வினை மட்டுமே உண்டு. முதல் இடத்தில் ஓர் அடிக்குறிப்பு போதும்.

இதற்கு உண்மையான சோதனை, எபிரேய வேதாகமத்தில் சேராத யூதப் பாடல் தொகுப்பான "சாலமோனின் சங்கீதங்கள்" 17:32. கி.மு. 63இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்த அதிர்ச்சி அந்தத் தொகுப்பெங்கும் தெரிகிறது. எபிரேய மூலம் கிடைக்கவில்லை. கிரேக்கமும் சிரியாக்கும்தான் நம் கையில். கிரேக்கக் கைப்படிகளில் அரசர் "கிறிஸ்தோஸ் கூரியோஸ்". கிறிஸ்தோஸ் என்பது மாஷியாக்கின் கிரேக்க வடிவம், கூரியோஸ் என்றால் ஆண்டவர்; இரண்டு சொல்லும் எழுவாய் வேற்றுமை. பதிப்பாசிரியர் பலர் இதை "கூரியூ" (ஆண்டவரின்) என்று திருத்தினார்கள். புனிதப் பெயர்களைச் சுருக்கி எழுதும் வழக்கத்தில் இவ்விரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. புலம்பல் 4:20இல் எபிரேயம் தெளிவாக "ஆண்டவரின் மாஷியாக்" என்றிருக்க, கிரேக்கம் இதே "கிறிஸ்தோஸ் கூரியோஸ்" என்கிறது. ஆகவே திருத்தத்துக்கு வலுவுண்டு. ஆனாலும் கைப்படியில் உள்ளதையே பாடத்தில் வைத்து, திருத்தத்தைக் குறிப்பில் தருவதே நேர்மை என்பேன்.

பாடத்தில்: "அவர்களின் அரசர் பொழிவேற்ற ஆண்டவர்."
குறிப்பில்: "ஆண்டவரின் பொழிவேற்றவர்."

இரண்டு வாசிப்புக்கும் ஒரே சொல் வளைந்துகொடுக்கிறது. "மெசியா ஆண்டவர்" என்று எழுதினால் அது பிற்காலத் திருப்பெயராகவே ஒலிக்கும்.

பன்மைக்கு "பொழிவேற்றோர்". சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சமூக விதிச் சுருளில் "ஆரோனின், இஸ்ரவேலின் மாஷியாக்குகள்" என்று பன்மையிலேயே வருவதால் இது கட்டாயம் தேவைப்படும். மறுப்பு இருந்தால் மேலே பாடத்திலும் குறிப்பிலும் தந்த இரு வரிகளை வைத்தே எழுதுங்கள்.