பிங்க் சீட்டில் ஒன்று இடிக்கிறது: வாக்குச்சீட்டுக் கணக்கு ஒத்துவராவிட்டால் என்ன செய்வது?

உசிலை_ஆசிரியர்:

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில்தான் முதல் தடவையாக பூத் வேலைக்குப் போனேன். சீட்டு கிழித்துக் கொடுக்கிற மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். அடுத்த முறை வாக்குச்சாவடி தலைமை அலுவலராகப் போடுவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது, அதனால் அன்றைக்கு நடந்த ஒன்றை இங்கே கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருடம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

நகரத்தில் இருப்பவர்களுக்காக ஒரு வரி: ஊராட்சித் தேர்தலில் எங்களுக்கு இயந்திரம் கிடையாது, சீட்டுதான். ஒருவருக்கு நான்கு ஓட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு பிங்க், ஒன்றிய கவுன்சிலருக்கு பச்சை, மாவட்ட கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கையும் மடித்து ஒரே பெட்டியில் போடுவார்கள்.

எங்கள் பூத்துக்கு வந்த பிங்க் சீட்டு 600, வரிசை எண் 1201 முதல் 1800 வரை. சாயங்காலம் கடைசி ஆள் போட்டு முடித்தபோது அடுத்து கிழிக்க வேண்டிய எண் 1640. அதாவது 439 சீட்டு போயிருக்கிறது, மீதி 161. ஆனால் வாக்காளர் பட்டியலில் கோடு போட்ட பெயர்களை எண்ணினால் 438. மூன்று தடவை எண்ணினோம், டார்ச் அடித்துக்கூட எண்ணினோம், 438தான். வெள்ளை, பச்சை, மஞ்சள் மூன்றும் 438-க்கு கச்சிதமாக ஒத்து வந்தது, பிங்க் மட்டும் ஒன்று இடித்தது.

எங்கள் தலைமை அலுவலர் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். வெளியே பெட்டி எடுக்கிற வண்டி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "ஒன்றுதானே சார், வாக்குச்சீட்டுக் கணக்குத் தாளில் மீதி 162 என்று எழுதிவிடுங்கள், கொடுத்தது 438, எல்லாம் ஒத்துப்போகும்" என்றார். எழுதியது என் கைதான், கையெழுத்து மட்டும் அவருடையது. எண்ணிக்கை அன்று எந்தப் பிரச்சினையும் வரவில்லை, பெட்டியில் பிங்க் 438 இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் மீதிச் சீட்டு உறையைப் பிரித்து எண்ணியிருந்தால் 161தானே இருந்திருக்கும்? அப்படி எழுதியது சரியா? அந்த ஒரு சீட்டு எங்கே போயிருக்கும்? இனி நான் தலைமை அலுவலராகப் போனால் இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?

திருமங்கலம்_ஓய்வு_ஹெச்எம்:

தம்பி, சரியில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றதைப் பேசலாம். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை, அந்த வண்டி ஹாரன் அடிக்கிற நேரத்தில் மனிதனுக்கு என்ன தோன்றும் என்று எனக்கும் தெரியும், பெட்டியோடு எத்தனையோ ராத்திரி உட்கார்ந்தவன் நான். ஆனால் வாக்குச்சீட்டுக் கணக்கு என்பது ஒத்துப்போவதற்காக எழுதுகிற தாள் இல்லை. உள்ளது உள்ளபடி எழுதுகிற தாள். 439 போயிருந்தால் 439 என்று எழுதி, பட்டியலில் 438 என்று வருகிறது என்பதைத் தலைமை அலுவலர் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி, ஏஜெண்டுகளிடமும் சொல்லி, மண்டல அலுவலருக்கும் தகவல் கொடுத்திருந்தால் யாரும் உங்களைத் தூக்கில் போட்டிருக்க மாட்டார்கள். இடிக்கிற கணக்கை இடிக்கிறதாகவே கொடுப்பவர்மேல் சந்தேகம் வராது. உறைக்குள் 161 இருக்க வெளியே 162 என்று எழுதியிருப்பதுதான் என்றைக்காவது கோர்ட்டில் பிரித்தால் பதில் சொல்ல முடியாத இடம்.

இப்போது அந்தச் சீட்டுக்கு வருவோம். நீங்கள் போகிற போக்கில் எழுதியதில்தான் விடை இருக்கிறது: மற்ற மூன்று நிறமும் சரியாக இருந்தது. யாரோ ஒருவருக்குப் பட்டியலில் கோடு போட மறந்திருந்தால் நான்கு நிறத்திலும் ஒவ்வொன்று கூடியிருக்கும். பிங்க் மட்டும் கூடியதென்றால் ஆளைத் தவறவிடவில்லை, சீட்டைத்தான் தவறவிட்டிருக்கிறீர்கள். அதற்கு எனக்குத் தெரிந்து நான்கு வழிதான்.

ஒன்று, சீட்டுக் கட்டிலேயே ஒரு எண் விட்டுப் போயிருக்கலாம். 1417-க்குப் பிறகு 1419 என்று வரும், அச்சகத்தில் விட்டது, நாம் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் பார்த்து 600 என்று கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்போம். முதல் நாள் ஒன்றிய அலுவலகத்தில் பொருள் வாங்கும்போது அந்தக் கூட்டத்தில் யாரும் ஒவ்வொரு சீட்டாகப் புரட்டுவதில்லை. ஆனால் புரட்ட வேண்டும் தம்பி. அங்கே முடியாவிட்டால் ராத்திரி பள்ளிக்கூடத்தில் பாய் விரிக்கும் முன்பு நான்கு பேரும் ஆளுக்கொரு நிறமாக எடுத்துப் புரட்டிவிடலாம், ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு, புதுத் தாள் ஒட்டிக்கொண்டு ஒரே ஆளுக்கு இரண்டு பிங்க் போயிருக்கலாம். அவர் இரண்டையும் போட்டிருந்தால் பெட்டியில் 439 வந்திருக்கும், நீங்கள் 438 என்கிறீர்கள், அதனால் இது இல்லை.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. அப்படி இரண்டாக வந்ததில் ஒன்றை மட்டும் பெட்டியில் போட்டுவிட்டு மற்றதை மடியில் செருகிக்கொண்டு வெளியே போவது. ஒரு வெற்றுச் சீட்டு வெளியே போனால் போதும், அதில் முத்திரை குத்தத் தெரிந்தவன் குத்தி அடுத்த ஆளிடம் கொடுப்பான், அந்த ஆள் அதைப் பெட்டியில் போட்டுவிட்டுத் தனக்குக் கொடுத்த வெற்றுச் சீட்டைக் கொண்டுவந்து காட்டிக் காசு வாங்குவார், அது அடுத்த ஆளுக்குப் போகும். சாயங்காலம் வரை சங்கிலி ஓடினாலும் கணக்கில் குறைவது அந்த ஒரே ஒரு சீட்டுதான். அதனால்தான் "ஒன்றுதானே" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு கலங்கும். பெட்டிக்குப் பக்கத்தில் உட்காருகிற அலுவலர் போடுகிறவர் கையைப் பார்க்க வேண்டும், நான்கு மடிப்பும் உள்ளே விழுந்ததா என்று எண்ண வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

நான்காவது, பாழான சீட்டு. யாராவது தவறாகக் குத்திவிட்டோ மையைக் கொட்டிவிட்டோ திருப்பிக் கொடுத்திருப்பார், தலைமை அலுவலர் இரக்கப்பட்டு வேறு சீட்டு கொடுத்திருப்பார். அது விதிப்படி சரிதான். ஆனால் பழைய சீட்டிலும் அதன் அடிக்கட்டையிலும் ரத்து என்று எழுதி, தனி உறையில் போட்டு, கணக்கில் அதற்கென்று இருக்கிற வரியில் ஏற்ற வேண்டும். உங்களுக்கு அப்படி யாரும் வந்த ஞாபகம் இருக்கிறதா? யோசித்துப் பாருங்கள்.

கள்ளிக்குடி_கலை:

ஹெச்எம் சார் சொன்னதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. நான் எண்ணிக்கை மேசையில் இருந்தவள், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

எண்ணிக்கை 2020 ஜனவரி 2 காலையில் ஆரம்பித்தது, மறுநாளும் ஓடியது. பெட்டியைக் கவிழ்த்தால் நான்கு நிறமும் கலந்து மேசை நிறைய விழும், திருவிழாவில் தூவுகிற காகிதம் மாதிரி. முதல் வேலை நிறம் பிரிப்பது. பிறகு மடிப்பைப் பிரித்து ஐம்பது ஐம்பதாகக் கட்டுவது. பூத்திலிருந்து வந்த கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறமும் அதோடு ஒத்து வருகிறதா என்று பார்த்த பிறகுதான் யாருக்கு எத்தனை என்று பிரிப்போம். எங்கள் மேசையில் ஒரு பூத்தில் வெள்ளை இரண்டு குறைந்தது. ஏஜெண்டுகள் எழுந்து நின்றுவிட்டார்கள், சத்தம் கூடிவிட்டது. மஞ்சள் சீட்டைத் திரும்ப ஒவ்வொன்றாக விரித்தபோது ஒரு மஞ்சளின் உள்மடிப்பில் சின்ன வெள்ளை பட்டாணி மாதிரி சுருண்டு கிடந்தது, இன்னொன்று பச்சைக்குள். இரண்டும் கிடைத்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பூத்திலிருந்து வந்த கணக்கு நேர்மையாக இருந்ததால்தான் நாங்கள் தேடினோம். அந்தத் தலைமை அலுவலர் எங்கேயாவது இரண்டைக் கூட்டிக் குறைத்து எழுதியிருந்தால் நாங்களும் போகட்டும் என்று விட்டிருப்போம், இரண்டு பேருடைய ஓட்டு குப்பைக்குப் போயிருக்கும். வார்டு தேர்தலில் ஒரு ஓட்டு, இரண்டு ஓட்டில் ஜெயிக்கிறார்கள், சமமாக வந்து சீட்டுக் குலுக்கிப் போடுகிற இடமும் உண்டு.

இன்னொன்று. காலையிலேயே எல்லாச் சீட்டுக்கும் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்துவிடாதீர்கள் சார். கூட்டத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தலுக்கான 1961-ஆம் வருட தேர்தல் நடத்தை விதிகளில் உள்ள படிவம் 16-ஐ (வாக்குச்சீட்டுக் கணக்கு) பார்த்தால், மிச்சமான சீட்டில் கையெழுத்துப் போட்டது எத்தனை, போடாதது எத்தனை என்று தனித்தனியாகக் கேட்டிருக்கும். காரணம் உங்களுக்கே புரியும், கையெழுத்தோடு கிடக்கிற வெற்றுச் சீட்டு செல்லுபடியாகிற சீட்டு. மாற்றி, கையெழுத்தே போடாமல் கொடுத்துவிட்டாலும் தலைவலிதான். அது அலுவலரின் தவறு என்று தேர்தல் நடத்தும் அலுவலருக்குத் தெளிவானால் அந்த ஓட்டைத் தள்ளக் கூடாது என்று அதே விதிகளில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் மேசையைச் சுற்றி நிற்பவர்களிடம் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

மேலூர்ப்_பக்கம்:

நான் அரசு ஊழியன் இல்லை, விவசாயம். எங்கள் சித்தப்பா வார்டுக்கு நின்றபோது ஏஜெண்டாக உட்கார்ந்தேன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வாக்குச்சீட்டு, பெட்டி என்றால் எங்கள் பக்கத்தில் அது வெறும் காகிதமும் தகரமும் இல்லை. 1996 கடைசியில் மேலவளவு ஊராட்சியில் ஓட்டுப்போடும் நாளிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், மறுபடி ஓட்டு நடத்தித்தான் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று அவரையும் கூட இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தனி ஊராட்சித் தலைவர் நாற்காலியில் அவர் உட்காரக் கூடாது என்பதுதான் காரணம். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை ஒழுங்காகத் தலைவர் தேர்தலே நடத்த முடியவில்லை என்பது உசிலை சாருக்குத் தெரியாததா. அப்படியெல்லாம் போராடிப் பெட்டிக்குள் விழுந்த சீட்டை "ஒன்றுதானே" என்று சொல்வதைக் கேட்டால் மனசு வலிக்கிறது. உங்களைச் சொல்லவில்லை சார், நீங்கள் இத்தனை வருடம் கழித்தும் கேட்கிறீர்களே, அதற்கே கும்பிடு போட வேண்டும்.

ஏஜெண்டாக உட்காருகிற தம்பிகளுக்கும் ஒன்று. நாலரை மணிக்கே எழுந்து போய்விடாதீர்கள். காலையில் வெறும் பெட்டியைத் திறந்து காட்டும்போது உள்ளே கைவிட்டுப் பாருங்கள், முத்திரை வைத்த பிறகு உங்கள் கையெழுத்தைப் போடுங்கள், முதல் சீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் கடைசி எண்ணையும் குறித்து, கணக்கின் நகலைக் கேளுங்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை எடுப்பதைச் சொல்லியிருக்கிறதே, குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும், எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று, பராந்தகச் சோழன் காலத்து ஏற்பாடு. விரலை மடக்கினால் உள்ளே இன்னொரு ஓலை ஒளிந்திருக்கலாம் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

உசிலை_ஆசிரியர்:

ஹெச்எம் சார், கலை மேடம், மேலூர் அண்ணே, எல்லோருக்கும் நன்றி.

சார் கேட்டதை நேற்று ராத்திரி முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி வரை விழுந்த ஓட்டுச் சதவீதத்தைத் தலைமை அலுவலர் போனில் சொல்லிக்கொண்டிருந்த நேரம், ஒரு பாட்டி மறைப்புக்குள்ளிருந்து பிங்க் சீட்டை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு திரும்ப வந்தது. பெருவிரல் மை காயாமல் இருந்திருக்கிறது, சீட்டு முழுக்க இழுகிவிட்டது. "அய்யா, இது செல்லுமா? நான் போடுற ஓட்டு வீணாப் போயிறக் கூடாது" என்று கேட்டது. தலைமை அலுவலர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, வேற ஒன்று கொடுங்க என்று கை காட்டினார். நான் கிழித்துக் கொடுத்தேன். பட்டியலில் ஏற்கெனவே கோடு போட்டாயிற்று, அதனால் அங்கே ஒன்றும் கூடவில்லை. பாட்டி போட்டுவிட்டுப் போய்விட்டது.

அந்த இழுகிய சீட்டை அவர் வாங்கியதைப் பார்த்தேன். இரண்டாக மடித்துப் பட்டியலுக்கு அடியிலோ அவருடைய பைக்குள்ளோ வைத்தார். உறையில் போடவில்லை, அது நிச்சயம், ஏனென்றால் பாழான சீட்டு உறையை "இல்லை" என்று எழுதி ஒட்டியதும் நான்தான்.

சார், ஒரு சந்தேகம் மட்டும். அப்படி ஒரு சீட்டு வந்தால் ரத்து என்று எழுதி உறையில் போடுவதை அந்த நொடியே செய்துவிட வேண்டுமா, இல்லை வரிசை குறைந்த பிறகு செய்யலாமா?

திருமங்கலம்_ஓய்வு_ஹெச்எம்:

அந்த நொடியே தம்பி. புதுச் சீட்டைக் கிழிக்கும் முன்பே. பாட்டி இரண்டு நிமிடம் நிற்கட்டும், ஒரு நாற்காலி போட்டு உட்கார வையுங்கள்.