78 வயது அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். ஆபரேஷன் செய்யலாமா?

மூத்தமகள்:
அப்பாவுக்குச் சுகர் உண்டு, பிபி மாத்திரையும் சாப்பிடுகிறார். எண்டோஸ்கோபியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண் தெரிந்தது, பயாப்ஸியில் கேன்சர் என்று வந்துவிட்டது. சிடி ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை. ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் சர்ஜன். சொந்தக்காரர்களோ, "இந்த வயசுல கத்தி வைக்கணுமா?" என்கிறார்கள். அப்பா, "நீ சொல்றபடி செய்யலாம்மா" என்று என் மேல் போட்டுவிட்டார். ராத்திரி தூக்கமே வருவதில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வெண்முகில்:
சகோதரி, என் அம்மாவுக்கு 76 வயதில் இரைப்பையை முழுதாகவே எடுத்தார்கள். கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

வயதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மயக்க மருந்து டாக்டர் அம்மாவின் வயதைப் பற்றி அதிகம் பேசவே இல்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குமா, தானே குளிப்பாரா, சமீபத்தில் எவ்வளவு எடை குறைந்தது, மறதி உண்டா, இதெல்லாம்தான் கேட்டார். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவைப் பார்த்தார்கள். 70 வயதிலேயே ஆபரேஷனைத் தாங்காதவர்கள் உண்டு, 80 தாண்டித் தேறி வந்தவர்களும் உண்டு.

நாள் குறித்த பிறகு இருந்த இடைவெளிதான் எங்களுக்கு ரொம்ப உதவியது. தினமும் நடை, புரதம் கூடுதலான சாப்பாடு, மூன்று பந்து உள்ள அந்த மூச்சுப் பயிற்சிக் கருவி. முதலில் ஒரு பந்துதான் எழும்பியது. ஆபரேஷனுக்குப் போகும்போது மூன்றாவது பந்தும் மெல்ல அசைந்தது. பெரியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் நிமோனியா வரும் ஆபத்து நிஜம், அதனால் இதை விட்டுவிடாதீர்கள்.

ஒன்றுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து ஐசியுவில் இருந்தபோது, அம்மா என்னைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசினார், மூக்குக் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். பதறிப்போனேன். வயதானவர்களுக்கு இந்தத் தற்காலிகக் குழப்பம் வருவது சகஜம் என்றார் நர்ஸ். கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிட்டு, வெளிச்சம் படும் பக்கம் திருப்பி உட்கார வைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார்.

வார்டுசிஸ்டர்:
சர்ஜரி வார்டில் வேலை பார்க்கிறேன். கட்டி கீழ்ப்பகுதியில் என்றால், பல சமயம் மேல்பாகத்தை விட்டுவைக்க முடியும். அப்பா விஷயத்தில் அது முடியுமா என்று கேளுங்கள். முழுதாக எடுத்தால் வைட்டமின் பி12 ஆயுளுக்கும் தேவை, பெரும்பாலும் ஊசியாகப் போடுவார்கள். எப்படி இருந்தாலும் சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. இனிப்பு அதிகம் போனால் சாப்பிட்ட சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம். ஓரிரு மணி நேரம் கழித்துச் சுகர் இறங்கவும் செய்யும். அப்பாவுக்குச் சுகர் இருப்பதால் மருந்தின் அளவை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

தென்றல்64:
மாறுபட்ட அனுபவம். என் மாமனாருக்கு 84, இதயம் ரொம்பப் பலவீனம். வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். உணவுப்பாதை அடைத்தபோது எண்டோஸ்கோபி வழியே ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தார்கள், திரவ உணவு இறங்கியது. கடைசிவரை வீட்டில், வலியில்லாமல் இருந்தார். அந்த முடிவில் எங்களுக்கு வருத்தமில்லை. அம்மா, உங்கள் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

மூத்தமகள்:
எல்லோருக்கும் நன்றி. இன்று சாயங்காலம் கேட்டேன். "யாருக்கும் பாரமாப் படுத்திருக்கக் கூடாது, அது ஒண்ணுதான் எனக்குப் பயம்" என்றார். இதுவரை இதை அவர் சொன்னதே இல்லை. சர்ஜனிடம் இதைத்தான் முதலில் பேசப் போகிறேன்.

வெண்முகில்:
அப்பாவையும் அந்த அறைக்குள் கூட்டிப் போங்கள், அவர் வாயாலேயே சொல்லட்டும். ஆபரேஷனுக்குப் பின் தானே எழுந்து நடமாட எவ்வளவு காலம் ஆகும், முன்னாடி கீமோ கொடுப்பார்களா, கொடுத்தால் இந்த உடம்புக்கு அளவைக் குறைப்பார்களா என்று கேளுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை இருந்தால், மறக்காமல் சொல்லுங்கள்.