லீ இருந்தும் தெற்கு தோற்றது ஏன்? கெட்டிஸ்பர்க்கா, மேற்குக் களமா?

கேள்வி (ஏடுபுரட்டி):
அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றாலே 1863 ஜூலை 3 அன்று கெட்டிஸ்பர்க்கில் நடந்த பிக்கெட் தாக்குதலைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். தெற்கின் தளபதி லீ அன்று அந்தத் தாக்குதலுக்கு உத்தரவு போடாமல் இருந்திருந்தால், பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் அரசு பிழைத்திருக்குமா?

பதில் (களப்படம்):
பிழைத்திருக்காது. லீயின் படை அடிபட்டாலும் வர்ஜீனியா திரும்பி 1865 ஏப்ரல் வரை போரிட்டது. ஆனால் கெட்டிஸ்பர்க்குக்கு மறுநாள், 1863 ஜூலை 4 அன்று, மிசிசிப்பிக் கரை நகரான விக்ஸ்பர்க்கில் சரணடைந்த ஏறத்தாழ 29,500 தெற்குப் படையினருக்கு ஈடு கிடைக்கவில்லை. சில நாளில் மிசிசிப்பி ஆறு முழுவதும் வடக்கின் கைக்குப் போனது.

விக்ஸ்பர்க்கில் நடந்தது தலைமைக் குளறுபடிதான். அந்த ஆண்டு ஏப்ரல் 30-இல் வடக்கின் தளபதி கிராண்ட் புரூயின்ஸ்பர்க்கில் ஆற்றைக் கடந்தார். நகரை விடக்கூடாது என்றார் தெற்கின் அதிபர் டேவிஸ். வெளியே வந்து என் படையோடு சேருங்கள் என்றார் தெற்கின் மேற்குக் களத் தலைவர் ஜோசப் ஜான்ஸ்டன். விக்ஸ்பர்க் படைத் தளபதி பெம்பர்ட்டன் இரண்டையும் அரைகுறையாகச் செய்து, மே 16-இல் சாம்பியன் ஹில்லில் தோற்று, நகருக்குள் அடைபட்டார். முற்றுகை 47 நாள். ஆற்றின் மேற்குக் கரைப் படையோ தனி மண்டலம். தேவைப்பட்டால் அது இக்கரைக்கு வரலாம் என்று உத்தரவிட்ட போர் அமைச்சர் ராண்டால்ஃபை டேவிஸ் தடுத்ததால், அவர் 1862 நவம்பரிலேயே பதவி விலகியிருந்தார்.

பதில் (மேட்டுப்பாதை):
டென்னசி பக்கம் தெற்கின் படையை நடத்திய பிராக்கையும் சேருங்கள். 1863 செப்டம்பரில் சிக்கமாகாவில் வென்றும் எதிரியைத் துரத்தவில்லை. அவரை மாற்றச் சொல்லித் தளபதிகளே மனு எழுதினர். டேவிஸ் நேரில் வந்து பார்த்தும் அவரையே வைத்துக்கொண்டார். விளைவு, நவம்பர் 25 அன்று மிஷனரி ரிட்ஜ் மலைத்தொடரில் தோல்வி. காப்பரணை மலையின் ஆக உயர்ந்த முகட்டில் அமைத்தார்கள். சரிவு முழுவதும் கண்ணில் படும் இடம் முகட்டுக்குச் சற்றுக் கீழேதான். உச்சியிலிருந்து பீரங்கிக் குழாயை அந்த அளவுக்குத் தாழ்த்த முடியாது. ஏறி வந்த வடக்குப் படையினருக்கு மலையே மறைவாகிவிட்டது. போதாததற்குப் படையில் ஒரு பகுதியை அடிவாரக் குழிகளில் நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் பின்வாங்கி மேலே ஓடி வந்தபோது, சொந்த ஆட்கள் குறுக்கே நின்றதால் மேலிருந்தவர்களால் சுட முடியவில்லை.

பதில் (தண்டவாளம்):
தளபதிகளை மட்டும் குறை சொல்வது சரியல்ல. நேர் ரயில் பாதையில் இருந்த நாக்ஸ்வில் பறிபோனதால், லீயின் துணைத் தளபதி லாங்ஸ்ட்ரீட்டின் படை வர்ஜீனியாவிலிருந்து கரோலினா, அட்லாண்டா வழியாக ஏறத்தாழ 900 மைல் சுற்றிச் சிக்கமாகாவுக்குப் போனது. வட கரோலினாவில் தண்டவாள அகலம் 4 அடி 8½ அங்குலம், அதற்குத் தெற்கே 5 அடி. வழியில் ரயில் மாறியே ஆகவேண்டும். பீரங்கிகள் வந்தபோது சண்டை முடிந்திருந்தது. அதே செப்டம்பர் கடைசியில் கிளம்பிய வடக்கின் 20,000-க்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 1,200 மைலை இரண்டு வாரத்துக்குள் கடந்தார்கள்.

பதில் (களப்படம்):
ரயில் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இருந்ததைப் பங்கிடவும் ஒரு கை வேண்டுமே! வடக்கு 1864 மார்ச்சில் கிராண்டை எல்லாப் படைகளுக்கும் தலைவராக்கியது. தெற்கு லீக்கு அந்தப் பதவியைக் கொடுத்தது 1865 பிப்ரவரியில். அதற்குள் அட்லாண்டா விழுந்திருந்தது. தெற்கின் இன்னொரு தளபதி ஹூட் தன் படையை ஃபிராங்க்ளினிலும் நாஷ்வில்லிலும் சிதைத்திருந்தார்.