பாத்திரக்கடை மாடியை ஓவியர்களுக்குக் கொடுக்க ஆசை. எப்படிச் செய்யலாம்?

குடந்தை பாத்திரக்கடை:

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் அப்பா காலத்திலிருந்து பாத்திரக்கடை நடத்துகிறோம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் எல்லாம் உண்டு; கல்யாணச் சீர்வரிசைதான் முக்கிய வியாபாரம். மாடியில் நீளவாக்கில் ஒரு ஹால், முப்பதடிக்குப் பன்னிரண்டு. அண்டாவும் குண்டானும் அடுக்கியிருந்த இடம். சரக்கு வேறு குடோனுக்குப் போய்விட்டதால் இப்போது காலி.

வாடகைக்கு விடு என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு ஆசை வேறு. ஊரிலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்துவிட்டு வரும் பிள்ளைகள் படத்தை நாலு பேருக்குக் காட்டச் சென்னைக்கு ஓட வேண்டியிருக்கிறது. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அரங்கு எடுக்க வாடகை, படங்களை ஏற்றிப்போக வண்டி, தங்கும் செலவு. ஊர்க்காரர்கள் கண்ணில் அந்தப் படங்கள் படுவதே இல்லை.

சமீபத்தில் அம்மாவோடு குடம் வாங்க வந்த ஒரு பையன், பெயர் வெட்டி முடிக்கும்வரை சும்மா நிற்காமல் நோட்டை எடுத்து எங்கள் பெயர் வெட்டுகிறவரை வரைந்தான். குடத்தைத் தொடையில் அணைத்துக்கொண்டு குனிந்திருக்கும் முதுகு, மிஷினை அழுத்தும் கட்டைவிரல், அவ்வளவுதான். ஆனால் இருபது வருடமாக நான் பார்க்கிற மனிதர் அப்படியே அதில் இருந்தார். அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியவை: வாடகை வாங்குவதா, கமிஷனா, சும்மா கொடுப்பதா? சுவருக்கும் விளக்குக்கும் என்ன செய்ய வேண்டும்? சீர் வாங்க வருகிற குடும்பங்கள் படம் பார்க்க மாடி ஏறுவார்களா?

திருவாரூர் தூரிகை:

அண்ணா, நான் அந்தக் கல்லூரியில் படித்தவள்தான். உங்கள் பதிவைப் படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது. ஓவியர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தயவுசெய்து வாடகை வாங்காதீர்கள். படம் விற்குமா என்று தெரியாத நிலையில் முன்பணம் கட்டச் சொன்னால் வசதியுள்ள பிள்ளைகள்தான் வருவார்கள். விற்றால் கமிஷன் என்பதே நியாயம். பெரிய கேலரிகளில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுப்பதுண்டு. அவர்கள் வாங்குகிறவர்களைத் தேடிப்பிடிக்கிறார்கள், கேட்லாக் போடுகிறார்கள், அதனால் அது சரி. நீங்கள் இடம் தருகிறீர்கள். நூற்றுக்கு பதினைந்து, இருபது எடுத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆனால் கமிஷனைவிட முக்கியம் எழுத்து. ஒரு ஊரில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் என் படங்களை மாட்டினார்கள். ‘உங்களுக்கும் விளம்பரம்தானே’ என்றார்கள். ரசீது இல்லை, தேதி இல்லை, விலைச்சீட்டு மாட்டினால் அழகு கெடும் என்று அதுவும் இல்லை. ஏசியிலிருந்து கசிந்த தண்ணீர் ஒரு நீர்வண்ணப் படத்தைச் சுற்றியிருந்த மவுண்ட் அட்டை வழியாக இறங்கி, வயலின் பச்சைமேல் பழுப்பு வளையமாக நின்றுவிட்டது. யாரைக் கேட்டாலும் மேனேஜரைக் கேளுங்கள் என்றார்கள். அந்த மேனேஜரும் மாறிவிட்டிருந்தார்.

ஒரு பக்கத் தாள் போதும். எந்தெந்தப் படம், என்ன அளவு, என்ன விலை, எந்தத் தேதிவரை, சேதமானால் யார் பொறுப்பு, விற்ற பணம் எத்தனை நாளில் வரும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி. படத்தை வாங்கும்போதே அதன் நாலு மூலையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று: ‘கடைக்கு நினைவாக ஒரு படம் கொடுத்துவிட்டுப் போ’ என்று மட்டும் கேட்காதீர்கள். பிடித்திருந்தால் விலை கொடுத்து வாங்குங்கள். படம் விற்றுவிட்டது என்று காட்ட ஒட்டும் சிவப்புப் பொட்டில் முதலாவது கடைக்காரர் வைத்ததாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா!

தஞ்சை பிரேம் கடை:

ஐயா, சுவரைப் பற்றி நான் சொல்கிறேன். முதலில் ஐப்பசி மழையில் அந்த ஹாலை ஒரு தடவை பாருங்கள். சுவரில் ஓதம் இருந்தால் வேறு எந்தச் செலவுக்கும் முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். ஓதச் சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்பக்கத்திலிருந்துதான் பூஞ்சை வரும். முன்னால் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஆணி அடித்தால் மூன்றாவது கண்காட்சிக்குள் சுவர் சல்லடையாகிவிடும். கூரைக்குக் கீழே நீளமாக அலுமினிய ரெயில் போட்டுவிடுங்கள். அதிலிருந்து கம்பி இறக்கி, கொக்கியை ஏற்றி இறக்கி மாட்டலாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். நம் ஊரில் சாமிப் படம் மாட்டிய பழக்கத்தில் எல்லாவற்றையும் உயரத்தில் மாட்டிவிடுகிறோம். பார்க்கிறவருக்குக் கழுத்து வலிக்கும். தஞ்சாவூர் ஓவியம் வந்தால் கவனம். பலகையும் கண்ணாடியுமாகக் கனக்கும், ஒற்றைக் கம்பியில் தொங்கவிடாதீர்கள்.

மேற்குப் பக்கம் ஜன்னல் இருந்தால் திரை போடுங்கள். காகிதத்தில் வரைந்தது வெயில் பட்டால் வெளுக்கும். டியூப் லைட் வேண்டாம். நிறத்தை நிஜமாகக் காட்டும் எல்இடி, அதாவது சிஆர்ஐ 90க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். பாலிஷ் போடும் வேலையும் பெயர் வெட்டும் வேலையும் மாடிக்கு வரவே கூடாது. பித்தளைத் தூள் படத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு.

கடைக்காரனுக்கு எதற்கு இந்த வேலை என்று யாராவது கேட்டால், மும்பை கெக்கூ காந்தியைச் சொல்லுங்கள். 1941இல் அவர் ஆரம்பித்தது கெமோல்ட் என்கிற பிரேம் வியாபாரம்தான். ஹுசைன், ஆரா போன்ற ஓவியர்கள் பெயர் எடுக்காத காலத்தில் அவர்கள் படங்களைத் தன் பிரேம் ஷோரூமில் மாட்டினார். தனி கேலரி திறந்தது 1963இல். எங்கள் தொழில்காரர் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

குடந்தை பாத்திரக்கடை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தாளில் எழுதிக்கொள்ளும் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யார் வாங்குவார்கள்?

புதுவை புத்தகக்கடை:

நான் என் கடையில் ஒரு சுவரை இப்படிக் கொடுத்து வருகிறேன். அனுபவத்தில் சொல்கிறேன், பெரிய கேன்வாஸ் மட்டும் மாட்டினால் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் சின்னப் படங்கள், அச்சோவியங்கள், ஸ்கெட்சுகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் விலை எழுதியிருக்க வேண்டும். நம் ஆட்கள் விலை கேட்கக் கூச்சப்படுவார்கள். கேட்டுவிட்டு வாங்காமல் போவதற்கு இன்னும் கூச்சப்படுவார்கள்.

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓவியர் கிராமமான சோழமண்டலத்தை நினைத்துப் பாருங்கள். கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் 1966இல் அந்தக் கிராமத்தை உருவாக்கியபோது மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் ஓவியத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். கடையும் கலையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதில் குறைச்சல் எதுவும் இல்லை.

உங்களிடம் எங்களுக்கெல்லாம் இல்லாத ஒன்று இருக்கிறது. பெயர் வெட்டக் காத்திருக்கும் நேரம். சீர் வாங்க வருகிற குடும்பம் ஐம்பது பாத்திரத்துக்குப் பெயர் வெட்டி முடியும்வரை வேறெங்கும் போக முடியாது. தாத்தா பாட்டிக்கு நாற்காலி, எல்லோருக்கும் காபி, எல்லாம் மாடியில் என்று வைத்துவிடுங்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் பரிசு தேடும் ஆட்களும்கூட. ஒரு குத்துவிளக்கு வாங்குகிறவர் பக்கத்தில் ஒரு மகாமகக் குளம் ஓவியத்தையும் எடுத்துப்போக வாய்ப்பு இருக்கிறது.

ஒரே நிபந்தனை, மாடியில் நிற்கும் ஆளுக்குப் படங்களைப் பற்றிப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். வரைந்தவரையே ஒரு மாலை கூப்பிட்டு உங்கள் ஊழியர்களிடம் ஒவ்வொரு படத்தையும் சொல்ல வையுங்கள். விற்ற வாரமே ஓவியர் கணக்கில் பணம் போட்டுவிடுங்கள். பில் யார் பெயரில், கமிஷனுக்கு ஜிஎஸ்டி எப்படி என்பதை ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

குடந்தை பாத்திரக்கடை:

காபி மாடியில் என்பது அருமையான யோசனை. முகூர்த்தக் கூட்டம் தையில் ஆரம்பிக்கும், அதற்குள் ஓதமும் ரெயிலும் முடித்துவிடுகிறேன். கமிஷன் பதினைந்து சதவீதம். பெயர் வெட்டும் படத்தை வரைந்த பையனின் அம்மா போன் நம்பர் பில் புத்தகத்தில் இருக்கிறது. நாளைக்குக் கூப்பிடுகிறேன், அந்த ஸ்கெட்சுக்கு விலை கேட்கவும் சேர்த்து. தூரிகை தங்கச்சி, உங்கள் வயல் படங்கள் மீதி இருந்தால் தைக்கு எடுத்து வையுங்கள். தாளை நீங்களே எழுதி அனுப்பினாலும் சம்மதம், கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.