எந்தக் கம்பெனின்னு முதல்ல சொல்லுங்க

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பக் குழுவில் நடந்தது. எல்லாரிடமும் கேட்டுவிட்டுத்தான் இங்கே போடுகிறேன். மீனா என் அக்கா, கார்த்தி என் தம்பி. நடுவில் பிறந்தவன் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது என்று சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டேன், அதனால் உரையாடலில் நான் இல்லை.

காலை 8:10

பெரியப்பா: என் போன் இப்போது ரொம்ப மந்தமாக இருக்கிறது. ஒரு படம் திறக்க எட்டு நொடி. புதுசு வாங்கணுமா, இதையே ஓட்டலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லவும்.

கார்த்தி: கண்ணை மூடிட்டு ஐபோன் எடுத்துடுங்க பெரியப்பா

மீனா: கண்ணை மூடிட்டு வாங்கினாத்தான் ஐபோன் வாங்க முடியும். பெரியப்பா, பழைய போனை வேணும்னே மெதுவாக்கின கம்பெனி அது. 2017 டிசம்பர்ல அவங்களே ஒத்துக்கிட்டாங்க

கார்த்தி: பேட்டரி பழசாகி போன் திடீர்னு அணைஞ்சு போகுதேன்னு செஞ்சாங்க. அது பாதுகாப்பு ஏற்பாடு

மீனா: வாங்கினவன்கிட்ட சொல்லாம செஞ்சா அதுக்கு வேற பேரு

கார்த்தி: மன்னிப்பு கேட்டாங்கல்ல. பேட்டரி மாத்த 79 டாலர் வாங்கினதை 29 ஆக்கினாங்கல்ல. உன் சாம்சங் நோட் 7 என்னாச்சு? பேட்டரி தீப்பிடிக்குதுன்னு 2016ல அமெரிக்காவுல விமானத்துக்குள்ளயே கொண்டுவரக் கூடாதுன்னு தடை போட்டாங்க

மீனா: அதைத் திருப்பி வாங்கிட்டு உற்பத்தியையே நிறுத்தினாங்க. தப்பை ஒத்துக்கிட்ட கம்பெனிடா

சித்தி: அவன் மன்னிப்பு கேட்டாங்கன்றான். நீ ஒத்துக்கிட்டாங்கன்றே. வாதம் ஒண்ணுதான், கட்சிக்காரர்தான் வேற.

அத்தை: இனிய காலை வணக்கம் 🌸

(இதற்குப் பிறகு இருவரும் கேமராவைப் பற்றி மட்டும் 34 செய்திகள் போட்டார்கள். ஒரே நிலாவின் மூன்று படங்கள். விட்டுவிடுகிறேன்.)

காலை 9:25

கார்த்தி: ஆப்பிள் எதைச் செஞ்சாலும் சாம்சங் முதல்ல கிண்டல் பண்ணும், அப்புறம் அதையே செய்யும். ஐபோன் 7ல ஹெட்போன் ஓட்டையை எடுத்ததுக்கு அப்புறம் விளம்பரம் போட்டு சிரிச்சாங்க. 2019ல நோட் 10 வந்தப்ப அவங்க போன்லயும் ஓட்டை இல்ல, யூடியூப்ல அந்த விளம்பரமும் இல்ல. 2020ல பெட்டிக்குள்ள சார்ஜர் இல்லைன்னு கிண்டல், 2021 ஜனவரியில அவங்க பெட்டியிலயும் இல்ல

மீனா: காலம் மாறுது, போனும் மாறுது. இப்ப யாரு ஒயர் மாட்டிட்டுத் திரியுறா?

சித்தி: ஒரு நிமிஷம் இருங்க. இந்தக் குழுவுல தேடிப் பார்க்கிறேன்.

சித்தி: கிடைச்சுது. மீனா, 2016 செப்டம்பர்: “ஹெட்போன் ஓட்டையைக் கூட எடுத்துட்டானுங்க. இது பகல் கொள்ளை.” மீனா, 2019 ஆகஸ்ட்: “இடம் மிச்சம், பேட்டரி பெருசா வைக்கலாம், நல்ல முடிவு.”

கார்த்தி: 😂😂😂

சித்தி: நீ சிரிக்காதே, உன்னதும் இருக்கு. கார்த்தி, 2022 அக்டோபர்: “ஐரோப்பாக்காரனுக்கு என்ன தெரியும், சட்டம் போட்டு ஒயரை மாத்தச் சொல்றான். ஐபோனோட லைட்னிங் ஒயர்தான் உறுதி, சி டைப் ஆடும்.” கார்த்தி, 2023 செப்டம்பர், ஐபோன் 15 வந்த வாரம்: “சி டைப் செம. லேப்டாப், போன் எல்லாத்துக்கும் ஒரே ஒயர். ஆப்பிள்னா ஆப்பிள்தான்.”

மீனா: ஆப்பிள்னா ஆப்பிள்தான்!!!

கார்த்தி: சித்தி இது அநியாயம். எட்டு வருஷத்துப் பழைய குப்பையை எல்லாம் யாராவது கிளறுவாங்களா

சித்தி: நான் கிளறலடா. தேடுற பொத்தானை அமுக்கினேன்.

சித்தப்பா: இதுக்குத்தான் நான் எந்தக் கம்பெனியையும் நம்புறதில்லை. என் கம்ப்யூட்டர்ல ஓடுறது லினக்ஸ், இலவச சாப்ட்வேர். யாருக்கும் அடிமை இல்லை.

மீனா: சித்தப்பா என் ஆண்ட்ராய்டுக்கு அடியில ஓடுறதும் லினக்ஸ்தான்

சித்தப்பா: அது வேற.

சித்தி: பிள்ளைங்களா, உங்க சித்தப்பாவை நடுநிலையாளர்னு நம்பிடாதீங்க. வீட்டுல பிரிண்டர் வேலை செய்யலைன்னா அது பிரிண்டர் செஞ்சவன் தப்பு. அதே பிரிண்டர் வேற யார் கம்ப்யூட்டர்லயாவது மக்கர் பண்ணினா “காசு கொடுத்து வாங்கின சாப்ட்வேர் லட்சணம்.” கொடி வேற நிறம், அவ்வளவுதான்.

சித்தப்பா: பிரிண்டர் செஞ்சவன் தப்புதான் அது.

காலை 10:02

சித்தி: சரி, ஒரு கேள்வி கேக்குறேன். ஒரு போன் கம்பெனி பழைய போனுக்கு அப்டேட் அனுப்புது. ஏத்தினதும் போன் திணறுது. பழைய நிலைக்குத் திரும்ப வழியும் வைக்கலை. ஒரு நாட்டுல அபராதம் போடுறாங்க. அந்த அபராதம் சரியா, தப்பா?

கார்த்தி: எந்தக் கம்பெனி?

மீனா: எந்தக் கம்பெனின்னு முதல்ல சொல்லுங்க சித்தி

சித்தி: கம்பெனி பேரு தெரியாம பதில் வராதா?

கார்த்தி: அப்டேட்ல பாதுகாப்புத் திருத்தம் இருந்திருக்கலாம். சூழ்நிலை தெரியணும்ல

மீனா: ஆமா எல்லாம் தெரியணும்

(காலையிலிருந்து இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் இது.)

சித்தி: இத்தாலி, 2018 அக்டோபர். போட்டி ஆணையம் ஒரே நாள்ல ரெண்டு கம்பெனிக்கும் போட்டுச்சு. ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம். சாம்சங் விஷயத்துல நோட் 4.

மீனா: பாத்தியா, எங்களுக்குப் பாதிதான்!

சித்தி: எங்களுக்கா? எத்தனை பங்கு வச்சிருக்கே?

மீனா: வாய் தவறி வந்துடுச்சு

கார்த்தி: ஆப்பிளுக்கு அதிகமா வந்த அந்த இன்னொரு பாதி, பேட்டரி பத்தித் தெளிவா சொல்லலைன்னு தனியா போட்டது. மெதுவாக்கினதுக்கு ரெண்டு பேருக்கும் சமம்தான்

சித்தி: பாரு, கடைசியில “சமம்”னு சொல்லிட்டே. அதுவும் உன் கட்சிக்குப் பேசுறப்பதான் வருது.

அத்தை: எனக்கு ஒண்ணும் புரியலை. ரெண்டு கம்பெனிக்கும் எதிரியா நீங்க, இல்ல உங்களுக்குள்ள எதிரியா?

சித்தப்பா: அக்கா சரியாக் கேட்டே. அந்தக் கம்பெனிகளுக்குள்ளயே பகை கிடையாது. 2011லேருந்து 2018 வரைக்கும் ஆப்பிளும் சாம்சங்கும் கோர்ட்டுல மோதிக்கிட்டாங்க. அந்த வழக்கு நடக்கும்போதே 2017ல வந்த ஐபோன் டென்னுக்குத் திரை செஞ்சு கொடுத்தது சாம்சங். ஐபோன்ல கூகுள் தேடல் முதல்ல வர்றதுக்கு கூகுள் 2022ல மட்டும் ஆப்பிளுக்குக் கொடுத்தது 2000 கோடி டாலர். கூகுள் மேல அமெரிக்க அரசு போட்ட வழக்குல வெளிய வந்த கணக்கு.

அத்தை: அடப்பாவிகளா. மேல இருக்கிறவங்க சம்பந்திங்க மாதிரி கொடுக்கல் வாங்கல் வச்சிருக்காங்க, இதுங்க ரெண்டும் காலங்காத்தால மல்லுக்கட்டுதுங்க.

சித்தப்பா: இது இன்னைக்கு வந்த வியாதி இல்லை. 1997 ஆகஸ்ட், பாஸ்டன். ஆப்பிள் முங்கிப் போற நிலைமை. மேடையில ஸ்டீவ் ஜாப்ஸ். மைக்ரோசாப்ட் 15 கோடி டாலர் முதலீடு பண்ணுதுன்னு அறிவிச்சுட்டு பெரிய திரையில பில் கேட்ஸைக் காட்டுறாங்க. கூட்டம் கூச்சல் போட்டுது. காப்பாத்த வந்தவனைப் பார்த்து! நாம ஜெயிக்கணும்னா மைக்ரோசாப்ட் தோக்கணும்ங்கிற நினைப்பை விட்டுடணும்னு ஜாப்ஸே சொல்ல வேண்டியதாப் போச்சு.

கார்த்தி: அந்தக் கூட்டத்துல நான் இருந்திருந்தா நானும் கத்தியிருப்பேன்

சித்தி: தெரியும்டா. அதுக்கு ஒரு சோதனையே இருக்கு. ஹென்றி தஜ்ஃபெல்னு ஒரு உளவியல்காரர். பிரிஸ்டல்ல பள்ளிக்கூடப் பசங்களை ரெண்டு குழுவாப் பிரிச்சார். க்ளே, காண்டின்ஸ்கின்னு ரெண்டு ஓவியர்ல யார் படம் பிடிக்குதுன்னு கேட்டுப் பிரிக்கிறதா சொன்னார், உண்மையில குத்துமதிப்பாப் பிரிச்சது. அப்புறம் காசு பங்கு போடச் சொன்னார். தன் குழுவுக்கு மொத்தமா அதிகம் கிடைக்கிற வழி ஒண்ணு, கொஞ்சம் குறைஞ்சாலும் அடுத்த குழுவை விட ஒசத்தியா நிக்கிற வழி ஒண்ணு. பசங்களை ரொம்ப இழுத்தது ரெண்டாவதுதான். 1970ல எழுதினார்.

மீனா: தனக்கு நஷ்டமானாலும் பரவாயில்லைன்னா?

சித்தி: எதிராளி கீழ இருந்தாப் போதும்னு. முந்தாநாள் வரைக்கும் க்ளே யாருன்னே தெரியாத பசங்க அதுங்க.

காலை 10:40

கார்த்தி: இன்னொண்ணு சொல்லவா. ஆன்லைன்ல சாம்சங்குக்காகச் சண்டை போடுறவங்க எல்லாம் நிஜ ஆளுங்களே இல்ல. 2013ல தைவான்ல காசு கொடுத்து எச்டிசிங்கிற போட்டி போன் கம்பெனியைத் திட்டிக் கருத்து எழுத வச்சாங்கன்னு சாம்சங்குக்கு 1 கோடி தைவான் டாலர் அபராதம்

சித்தி: உண்மைதான். அவங்களுக்குக் கூலியாவது கிடைச்சுது. உங்க அக்கா இலவச சேவை.

மீனா: சித்தி!!

சித்தி: நீயும்தான் கார்த்தி. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

மீனா: சரி நான் நிஜமாவே கேக்குறேன். எனக்கு இந்த போன் பழகிடுச்சு. இருட்டுல கூட எது எங்க இருக்குன்னு தெரியும். படம், பழைய பேச்சு, பாஸ்வேர்டு எல்லாம் இதுலதான். வேற கம்பெனிக்குப் போனா ஒரு வாரம் தலைவலி. இதுவும் குருட்டு பாசமா?

சித்தி: இல்லம்மா, அது நியாயமான காரணம். அதைச் சொல்லிட்டு நிறுத்தியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். “எனக்குப் பழகிடுச்சு”ன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு “உலகத்துலயே இதுதான் ஒசத்தி”ன்னு சொல்றீங்க பாரு, அங்கதான் பொய் சேருது.

கார்த்தி: எனக்கு வேற காரணம். சொன்னா சிரிப்பீங்க

மீனா: சொல்லு

கார்த்தி: இவ்வளவு காசு போட்டு வாங்கிட்டேன். யாராவது அதுல குறை சொன்னா போனைச் சொல்ற மாதிரி இல்ல, என்னை ஏமாளின்னு சொல்ற மாதிரி இருக்கு

(இதற்கு நான்கு நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. எங்கள் குழுவில் அது நீண்ட மௌனம்.)

சித்தி: சிரிக்கலடா. 1956லயே ஜாக் ப்ரெம்னு ஒருத்தர் இதைச் செஞ்சு பார்த்திருக்கார். வீட்டு சாமான்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் வாங்கின ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கோன்னார். எடுத்தப்புறம் மறுபடியும் மதிப்பெண். கையில வந்தது ஏறியிருக்கு, விட்டது இறங்கியிருக்கு. சாமான் அதேதான்.

மீனா: கார்த்தி, நோட் 7 விஷயம் எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. என்கிட்ட அந்த போன் கூட இல்லை. ஆனா செய்தி வந்தப்ப என்னையே திட்டின மாதிரி வயிறு எரிஞ்சுது

கார்த்தி: பேட்டரியும் எரிஞ்சுது

மீனா: திருந்தவே மாட்டேல்ல

காலை 11:15

பெரியப்பா: எல்லாவற்றையும் படித்தேன். நல்ல விஷயங்கள். காலையில் நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன்.

மீனா: அய்யோ ஆமா. பெரியப்பா இப்ப என்ன போன் வச்சிருக்கீங்க?

பெரியப்பா: சொல்லமாட்டேன்.

கார்த்தி: பேரு தெரியாம எப்படி பெரியப்பா சொல்றது

பெரியப்பா: பேரைச் சொன்னால் ஒருவர் குறை சொல்வீர்கள், ஒருவர் சப்பைக்கட்டு கட்டுவீர்கள். பேர் இல்லாமல் வைத்தியம் பாருங்கள்.

கார்த்தி: வாங்கி எத்தனை வருஷம்?

பெரியப்பா: நாலரை.

மீனா: சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்குது?

பெரியப்பா: காலையில் நூறு, மத்தியானம் இருபது. போன வாரம் முப்பது காட்டும்போதே அணைந்துவிட்டது.

கார்த்தி: அப்ப பேட்டரிதான். பழைய பேட்டரியால சட்டுனு நிறைய மின்சாரம் கொடுக்க முடியாது, அதான் அணையுது

மீனா: ஆமா பெரியப்பா, பேட்டரிதான். மாத்தினாப் போதும், புது போன் வேண்டாம். இடம் எவ்வளவு மிச்சம் இருக்கு பாருங்க

பெரியப்பா: 128இல் 2 மீதி.

மீனா: அதுவும் ஒரு காரணம்

கார்த்தி: இடம் நிரம்பினாலே எந்த போனும் திணறும். எதுல அதிகம் போயிருக்குன்னு பாருங்க

பெரியப்பா: இந்தக் குழு மட்டும் 31 ஜிபி.

அத்தை: அண்ணா என் காலை வணக்கத்தை எல்லாம் அழிக்கப் போறியா?

பெரியப்பா: நிலாவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சித்தி: அத்தான், இதுங்க ரெண்டும் ஒரே மருந்தை எழுதிக் கொடுத்ததை நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிட்டேன்.

கார்த்தி: பெரியப்பா இப்பவாவது கம்பெனி பேரைச் சொல்லுங்க. சும்மா தெரிஞ்சுக்கத்தான்

மீனா: எனக்கும். தனியா அனுப்பினாலும் சரி

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: யாராவது பார்த்தீங்களா??

மீனா: நான் திறக்கிறதுக்குள்ள அழிச்சுட்டார்

சித்தி: நான் பார்த்தேன்.